கருணையா? கடனா?

வந்தார் வள்ளல்! கொட்டியது கைதட்டல்! நீட்டினர் குழந்தைகள் கைகளை, நிமிர்த்தினார் அவர் தலையை, மின்னிற்று படக்கருவி. அடுத்த குழந்தை. மீண்டும் புன்னகை, மீண்டும் மின்னல். இப்படி ஒரு மணி நேரம்.

2023 டிசம்பர்த் திங்கள் மிக்ஜாம் புயல் வெள்ளம் வடிந்த சில வாரங்களுக்குப் பின், நான் பணியாற்றும் பள்ளியில் நடைபெற்ற நிகழ்ச்சி இது. திருவொற்றியூருக்கு வடக்கே, வீடுகளுக்குள் புகுந்த நீர் பாயையும் பானையையும் மட்டுமா கொண்டு சென்றது? பிள்ளைகளின் புத்தகப் பைகளையும் கொண்டு சென்றது. ஒரு நிறுவனத்தார் புதுப் பைகள் வழங்க முன்வந்தனர். நல்ல பைகள், உறுதியான தையல். ஒரே ஒரு குறை, ஒவ்வொரு பையின் மீதும் கொடுத்தவரின் திருமுகம், உள்ளங்கை அகலத்துக்கு! வெயிலில் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தியவள் யார் தெரியுமா, தோழர்களே? நான்தான். "கைதட்டுங்கள்" என்று சொன்னவளும் நான்தான். பிறரைக் குற்றம் சாட்டப் புறப்படுமுன் என் பங்கைச் சொல்லிவிடுவது முறையல்லவா?

மறுநாள் ஐந்தாம் வகுப்பில் ஒரு சிறுமி அந்தப் பையோடு வந்தாள். திருமுகத்தைக் காணோம்! பழைய சீருடையிலிருந்து வெட்டிய நீலத்துணி அந்த இடத்தில் நேர்த்தியாகத் தைக்கப்பட்டிருந்தது. "ஏனம்மா இப்படி?" என்று கேட்டேன்.

"எங்கப்பா, நாம பிச்சை எடுக்கிறவங்க இல்லன்னு சொன்னாரு டீச்சர். ஆனா பை வேணுமே! அதான் அம்மா படத்தை மட்டும் மூடித் தச்சாங்க."

அவள் தந்தை எண்ணூர்க் கழிமுகத்தில் வலை வீசுபவர். அந்த டிசம்பரில் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் வந்தது. பக்கிங்காம் கால்வாய் வழியே கொசஸ்தலையாற்றில் கலந்தது. வலையைக் கறுப்பாக்கிற்று, படகைக் கறுப்பாக்கிற்று, நாரையின் சிறகைக்கூட விட்டுவைக்கவில்லை. வாளியும் குவளையும் கொண்டு மீனவர்களே எண்ணெயை அள்ளிய காட்சியை நாடே பார்த்தது. பை கொடுத்த நிறுவனத்துக்கும் அந்த எண்ணெய்க்கும் தொடர்பு உண்டென்று நான் கூறவில்லை. இல்லை என்றே வைத்துக்கொள்வோம். ஆயினும் அந்த நீல ஒட்டு என்னை உறங்கவிடவில்லை. பெரிய பெரிய ஏடுகள் விடை தேடும் ஒரு கேள்வியை ஒரு தாயின் ஊசி முனை எழுப்பிவிட்டது.

செல்வர் ஏழைக்கு உதவுவது கருணையா, கடனா?

இரு பொருள் தரும் ஒரு சொல்

தமிழில் 'கடன்' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. செய்ய வேண்டிய கடமையும் கடன். திருப்பித் தரவேண்டிய பணமும் கடன். இரண்டையும் ஒரே சொல்லால் குறித்த மொழியில் பிறந்த நாம், இரண்டையும் பிரித்து வைத்துப் பிழைக்கும் கலையையும் கற்றுக்கொண்டோம்!

கருணைக்குக் கணக்கில்லை, கொடுத்தால் வாழ்த்து, கொடாவிட்டால் வழக்கில்லை. கடன் அப்படியன்று. கடனுக்கு ஒரு கடன்காரன் மட்டுமல்ல, கடன் கொடுத்தவனும் உண்டு. அவனுக்குக் கேட்கும் உரிமை உண்டு. கடனைத் திருப்பித் தந்தவன் மாலை கேட்பதில்லை. வட்டிக்கடைக்காரரிடம் பணத்தைக் கட்டிவிட்டு, "எனக்கொரு பாராட்டு விழா எடுப்பீராக!" என்று எவரேனும் கேட்டதுண்டா?

ஆகவே, 'செல்வர் உதவத்தான் வேண்டும்' என்று சொல்லிவிட்டால் போதாது. எந்தப் பெயரில் உதவுகிறார், யாருக்குக் கடன்பட்டவராக உதவுகிறார் என்பதைக் கேட்டாக வேண்டும்.

கஞ்சித் தொட்டி சொல்லும் கதை

தொலைவில் தேடவேண்டாம், ராயபுரத்தை அடுத்துப் பழைய சிறைச்சாலைச் சாலையில் நிற்கும் ஸ்டான்லி மருத்துவமனைக்கு வாருங்கள். ஓர் ஆங்கிலேய ஆளுநரின் பெயர் அதற்கு. ஆனால் வடசென்னை முதியவர்கள் நாவில் அதற்கு வேறு பெயர்: 'கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி'.

ஏன் அந்தப் பெயர்? 1780-இல் ஹைதர் அலியின் படை கர்நாடகச் சீமைக்குள் புகுந்தது. கும்பெனியாருக்கும் மைசூராருக்கும் போர். நடுவில் சிக்கியவன் உழவன். வயல் அழிந்தது, ஊர் அழிந்தது, பஞ்சம் பிறந்தது. பசித்த கூட்டம் சென்னைக் கோட்டையை நோக்கி ஓடி வந்தது. 1782-ஆம் ஆண்டளவில் அவர்களுக்குக் கஞ்சி வார்க்க எழுந்ததே மணியக்காரர் சத்திரம். பசித்தவனுக்குக் கஞ்சி, பிணியாளனுக்கு மருந்து என வளர்ந்து, அந்த அறநிலையத்தின் வழியே பிற்காலத்தில் பெரு மருத்துவமனை உருவாயிற்று.

கஞ்சி வார்த்த கையை நான் பழிக்கமாட்டேன். அந்தக் கஞ்சி இல்லையேல் எத்தனை உயிர் போயிருக்கும்! ராயபுரத்தில் ராஜா சர் ராமசாமி முதலியார் என்னும் செல்வரின் பெயரால் விளங்கும் மகப்பேறு மருத்துவமனையில் வடசென்னையின் எத்தனை தலைமுறை கண் விழித்திருக்கிறது! அதை மறுப்பது நன்றி கொல்வதாகும்.

ஆனால் ஒரு கேள்வி கேட்போம். தொட்டியில் கஞ்சி எவ்வளவு என்று அளந்தவர்கள், தொட்டிக்கு முன் கூட்டம் ஏன் வந்தது என்று அளந்தார்களா? போரை நடத்தியோரில் ஒரு தரப்பின் கோட்டை நிழலிலேயே கஞ்சியும் கிடைத்தது. பறித்த கை வேறு, படைத்த கை வேறு என்று நாம் எண்ணுகிறோம். பல வேளைகளில் இரண்டும் ஒரே உடலின் இரு கைகள்!

ஓர் அணாவின் இரு வரலாறுகள்

அடுத்த பெரும் பஞ்சம், 1876 முதல் 1878 வரை. சென்னை மாகாணம் சுடுகாடாயிற்று, இலட்சக்கணக்கில் மடிந்தனர். நிவாரண வேலைக்கு வந்த ஆண்மகன் ஒருவனுக்கு நாள் ஒன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும் போதும் என்று 1877-இல் அளவு வகுத்தார் சர் ரிச்சர்டு டெம்பிள் என்ற உயர் அலுவலர். ஒரு பவுண்டு என்பது ஏறத்தாழ 450 கிராம்; அதைத் தின்று நாள் முழுதும் மண் சுமக்க வேண்டும்! 'இது உயிர் தாங்கும் அளவன்று' என்று சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ் வாதாடினார். அதிகம் கொடுத்தால் செலவு பெருகும், மக்கள் உதவியையே நம்பிக் கிடப்பார்கள் என்பதே சிக்கனம் பேசியோரின் கவலை. எலும்புக்கூட்டைப் பார்த்துச் சோம்பல் வந்துவிடுமே என்று அஞ்சிய அறிவை என்னென்பது!

அந்தப் பஞ்சத்தில் பசித்தவர்கள் வெட்டியதுதான் சென்னை நகருக்குள் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் கால்வாய்ப் பகுதி. கால்வாய்க்கு அன்றைய ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் பெயர் சூட்டப்பட்டது. வெட்டியவன் பெயர் எங்கே? மண்ணோடு மண்ணாயிற்று. அதே கால்வாயின் வடபகுதிதான் 2023-இல் எண்ணெயைச் சுமந்து சென்று, என் மாணவியின் தந்தை வலையில் பூசிற்று.

இது ஓர் அணாவின் முதல் வரலாறு. இரண்டாவதைக் கேளுங்கள்.

1920. சென்னை மாநகராட்சித் தலைவராக இருந்தவர் வண்ணாரப்பேட்டையின் பிட்டி தியாகராயர். பெருவணிகர், செல்வர். ஆயிரம் விளக்குப் பகுதியில் மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகளுக்கு நண்பகல் உணவு அளிக்க விரும்பினார். தம் வீட்டு வாயிலில் இலை போட்டு அவர் வள்ளல் பட்டம் பெற்றிருக்கலாம். அவர் செய்ததோ வேறு: மாநகராட்சி மன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தார், பிள்ளை ஒன்றுக்கு நாள் ஒன்றுக்கு ஓர் அணாவுக்கு மேற்படாமல் பொதுப்பணத்தில் செலவிட இசைவு பெற்றார்.

அங்கே ஓர் அணா. இங்கே ஓர் அணா. அது அளந்து வீசிய பிச்சை. இது மன்றம் ஒப்புக்கொண்ட பொறுப்பு. அந்த விதைதான் 1956-இல் காமராசர் ஆட்சியில் மதிய உணவாக முளைத்தது, 1982-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவாகத் தழைத்தது. 2022-இல் காலை உணவாகவும் கிளைத்தது. இன்று என் பள்ளியில் காலையில் உப்புமாவும் பொங்கலும் உண்ணும் பிள்ளை எவருக்கும் கைதட்டுவதில்லை. எவர் படத்தையும் சுமப்பதில்லை. "இன்னும் கொஞ்சம் சாம்பார்!" என்று உரத்துக் கேட்கிறது. அந்தக் குரலில் உள்ள உரிமையைக் கேளுங்கள், தோழர்களே! பை வாங்கிய வரிசையில் அந்தக் குரல் ஏன் ஒலிக்கவில்லை என்பதையும் எண்ணிப் பாருங்கள்!

மூன்று மறுப்புகள்

"என் உழைப்பால் ஈட்டினேன், ஏன் கொடுக்கவேண்டும்?" என்பார் ஒருவர். உழைத்தீர், மறுக்கவில்லை. நும் சரக்கு துறைமுகம் சேரும் சாலையை நீரா போட்டீர்? நும் கணக்கரைப் படிக்க வைத்த பள்ளியை நீரா கட்டினீர்? இரவெல்லாம் கொள்கலன் வண்டி ஓட்டியவன், கப்பலில் சுமை ஏற்றியவன், உலைக்கு முன் வெந்தவன்: இவர்கள் வியர்வையையெல்லாம் கழித்துவிட்டு, 'என் உழைப்பு' என்று எஞ்சுவது எவ்வளவு? ஏதோ எஞ்சும். முழுவதும் எஞ்சாது!

"அவனவன் வினை, முற்பிறப்பின் பயன்" என்பார் மற்றொருவர். இவருடைய கருணை இன்னும் வேடிக்கையானது. கொடுத்தால் புண்ணியம், புண்ணியம் அடுத்த பிறவிக்கு முதலீடு. முதலீடு செய்ய ஏழை வேண்டுமே! வறுமை ஒழிந்துவிட்டால் இவர் புண்ணியத்தை எந்த வங்கியில் போடுவார்? வள்ளுவரும் ஈகையைப் போற்றினார். ஆனால் ஈகைக்கு ஓர் அதிகாரம் வகுத்ததோடு நின்றாரா? இரவச்சம் என்றும் ஓர் அதிகாரம் வகுத்தார். பிச்சையெடுத்தே வாழ வேண்டிய நிலை உலகில் இருக்குமானால் படைத்தவனையே சினந்து பேசினார். கொடுப்பவனை வாழ்த்திய அதே நா, கேட்கவைத்த அமைப்பைச் சபித்தது.

"கடமை உண்டுதான், ஆனால் எப்படி, எவ்வளவு என்பது செல்வரின் விருப்பம்" என்பார் மூன்றாமவர். இவர் வாதத்துக்குப் பெருஞ்சான்று அமெரிக்க இரும்புச் சீமான் ஆண்ட்ரூ கார்னெகி. செல்வத்தோடு சாவது இழிவு என்ற கருத்தை 1889-இல் எழுதினார். உலகெங்கும் 2,500-க்கும் மேற்பட்ட நூலகங்கள் எழப் பணம் தந்தார். அரிய செயல்! ஆனால் 1892-இல் அவருடைய ஹோம்ஸ்டெட் ஆலையில் கூலிக் குறைப்பை எதிர்த்தவர்கள் மீது துப்பாக்கி ஏந்திய கூலிப்படை ஏவப்பட்டது. இருதரப்பிலும் உயிர்கள் பலியாயின. நாள்தோறும் பன்னிரண்டு மணி நேரம் இரும்போடு போராடியவன் எந்த மணியில் நூலகம் புகுவான்? கூலியில் குறைத்ததை நூலாகக் கொடுத்தால் அது கொடையா?

நம் பெரம்பூர் ஆலைத் தொழிலாளர் இதை அன்றே உணர்ந்தனர். பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகளில் உணவு இடைவேளை அரைமணி நேரமே. உண்டு முடிப்பதற்குள் சங்கு ஊதும். முதலாளியின் மனம் இளகட்டும் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் கண்டனர், வாடியாவும் திரு.வி.க.வும் துணை நின்றனர். 'கொடுங்கள் ஐயா' என்ற குரல் 'எங்கள் நேரம் எங்கே?' என்று மாறிற்று. இந்தியத் தொழிற்சங்க வரலாற்றின் முதல் ஏடுகளில் ஒன்று, சோறு உண்ணும் நேரத்தைப் பற்றியது!

குளத்தில் விழுந்த குழந்தை

1971-இல் கிழக்கு வங்கத்து மக்கள் பட்ட துயரைக் கண்டு பீட்டர் சிங்கர் என்ற இளம் தத்துவ ஆசிரியர் ஒரு கட்டுரை எழுதினார், 1972-இல் வெளிவந்தது. அவர் கேட்டது எளிய கேள்வி: ஆழமில்லாத குளத்தில் ஒரு குழந்தை மூழ்குகிறது, நீ கரையில் நடக்கிறாய், இறங்கினால் உன் உடை பாழாகும், இறங்குவாயா, மாட்டாயா? இறங்காதவனை மனிதன் என்போமா? அப்படியானால், தொலைவில் பட்டினியால் சாகும் குழந்தைக்கு மட்டும் ஏன் வேறு நீதி? தொலைவு, கடமையைக் குறைக்குமா?

கூர்மையான கேள்வி. உதவுவது விருப்பமன்று, கடமை என்று நிலைநாட்டிய கேள்வி. அதை நான் ஏற்கிறேன். ஆனால் எண்ணூரில் நின்று அந்தக் கதையைப் படித்தால் இன்னொரு கேள்வி எழுகிறது: குழந்தை குளத்தில் விழுந்தது எப்படி? கரையை உடைத்தவன் யார்? நீரில் நஞ்சைக் கலந்தவன் யார்? கரையில் நடப்பவர் எல்லாரும் வழிப்போக்கர்தாமா?

வடசென்னைக்கு அனல்மின் நிலையம் வந்தது. சாம்பல் ஆற்றில் படிந்தது. ஆலைகள் வந்தன, மின்சாரமும் உரமும் எண்ணெயும் நாடெங்கும் சென்றன, புகை மட்டும் இங்கேயே தங்கிற்று. 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் பெரியகுப்பம் மக்கள் அம்மோனியா நெடியில் திணறி, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வீதியில் ஓடினர். நாடு பெற்ற வசதிக்கு இந்த மக்கள் மூச்சால் விலை கொடுத்தனர். அவர்கள் நமக்குக் கடன் கொடுத்தவர்கள், தோழர்களே! கடன் கொடுத்தவனைப் பிச்சைக்காரன் என்று அழைக்கும் விந்தையை எங்கேனும் கண்டதுண்டா?

2013-ஆம் ஆண்டின் நிறுவனச் சட்டம், பெரிய நிறுவனங்கள் மூன்றாண்டுச் சராசரி நிகர லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிடவேண்டும் என்றது. நன்று. ஆனால் அந்த இரண்டைக் காட்டி, மீதித் தொண்ணூற்றெட்டு எப்படி வந்தது என்ற கேள்வியை மூடக்கூடாது. பெயர்ப் பலகை பெரிதாக இருப்பதால் புகைபோக்கி சிறிதாகிவிடாது!

கடன்களின் வரிசை

ஆகவே நான் கண்ட முடிவை வரிசைப்படுத்துகிறேன். செல்வருக்கு நான்கு கடன்கள் உண்டு.

முதற்கடன் கூலி: உழைத்தவனுக்கு உரியதைக் குறையாமல் தருவது. இரண்டாம் கடன் ஈடு: தன்னால் கெட்ட நீரையும் காற்றையும் சீர்செய்வது, இழந்தவனுக்கு இழப்பை ஈடுகட்டுவது. மூன்றாம் கடன் வரி: ஒளிக்காமல் கட்டி, ஓர் அணா உணவு நாடெங்கும் விரிந்ததுபோல், பொது அறத்துக்கு வழிவிடுவது. இம்மூன்றும் தீர்ந்த பின்னரே நான்காவதாகிய ஈகை. முதல் மூன்றையும் நிலுவையில் வைத்துவிட்டு நான்காவதை மேடை போட்டுச் செய்பவர், கடனுக்கு வட்டிகூடக் கட்டாமல் கடன் கொடுத்தவனிடமே வாழ்த்துப்பா கேட்பவர்!

அப்படியானால் நான்காவது தேவையற்றதா? இங்கேதான் நம் இளைஞருக்கும் ஒரு சொல். "கொடை முதலாளியின் தந்திரம், அமைப்பு மாறட்டும், எல்லாம் மாறும்" என்று தேநீர்க் கடையில் முழங்கிவிட்டு வீடு திரும்புகிறோமே, அமைப்பு மாறும்வரை இன்றிரவு பசிக்கும் வயிற்றுக்கு நாம் என்ன விடை வைத்திருக்கிறோம்? பசி, புரட்சியின் நாட்காட்டியைப் பார்த்து வருவதில்லை. கஞ்சித் தொட்டி பஞ்சத்தை ஒழிக்கவில்லை, உண்மை. ஆனால் கஞ்சி குடித்தவன் பிழைத்தான், அதுவும் உண்மை. உரிமைக்குப் போராடுகிறேன் என்பது உதவாமலிருக்க உரிமம் ஆகாது.

மேலும், செல்வர் என்றதும் மாளிகையையே பார்க்கிறோம். மாதம் பிறந்ததும் தவறாமல் சம்பளம் வாங்கும் நான், நாட்கூலிக்கு ஒப்பந்தத் தொழிலாளி வரும் வீட்டின் பார்வையில் யார்? செல்வர்தான்! எனக்கும் அந்த நான்கு கடன்களும் என் அளவுக்கு உண்டு. என் வீட்டுப் பணிப்பெண்ணுக்கு வாரம் ஒரு நாள் ஓய்வு தருகிறேனா என்பது, கார்னெகியை நான் குறை கூறும் தகுதியை அளக்கும் கோல்.

அந்த டிசம்பர் வெள்ளத்தில் நம் பகுதி இளைஞர் இடுப்பளவு நீரில் சோற்றுப் பொட்டலம் சுமந்து சென்றதைக் கண்டேன். எவர் பொட்டலத்திலும் படம் இல்லை. வாங்கியவர் முகத்தில் கூச்சம் இல்லை. நாளை நீ எனக்கு, இன்று நான் உனக்கு என்ற தோழமை இருந்தது. ஈகைக்கு அதுவே அழகு: கொடுத்த கை உயரவில்லை, வாங்கிய கை தாழவில்லை.

அந்தத் தாயின் நீல ஒட்டுக்கு வருகிறேன். பையை அவள் எறியவில்லை, மகள் படிக்கவேண்டும். படத்தைச் சுமக்கவும் விடவில்லை. மகள் நிமிர்ந்து நடக்கவேண்டும். தேவையை மறுக்காமல் தன்மானத்தையும் விடாமல், ஒரு முழ நூலில் வழக்கைத் தீர்த்தாள். உதவி எங்களுக்கு உரியது, உம் உருவம் எங்களுக்குரியதன்று! கற்றறிந்த நான் கைதட்டச் சொன்னேன். கல்லாத அவள் கணக்கைத் திருத்தினாள்.

இனி என் பள்ளிக்குக் கொடை வரட்டும்; நன்றியோடு பெறுவோம், நன்றி சொல்லவும் பிள்ளைகளுக்குக் கற்றுத்தருவேன். ஆனால் வெயிலில் வரிசை இல்லை, படம் இல்லை, கைதட்டல் இல்லை. அலுவலக அறையில் வைத்துவிட்டுச் செல்லட்டும். போகும் வழியில் கழிமுகத்தை ஒரு முறை பார்த்துவிட்டும் செல்லட்டும்.

தோழர்களே! கருணை காட்டுங்கள் என்று செல்வரிடம் கெஞ்சவேண்டாம். கணக்கைக் காட்டுங்கள் என்று கேளுங்கள். அதற்கு முன், நம் கணக்கையும் எடுத்து வைப்போம்.